முள்ளெலியும் எரிசியுஸும்

முள்ளெலியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் வீட்டில் முதலில் வந்த கேள்வி, "அது முள்ளம்பன்றிதானே?" என்பது. கேட்டது பேரன் மட்டும் அல்ல, அவன் அம்மாவும்தான். என் மகள் பிறந்து வளர்ந்தது இதே தச்சநல்லூரில். அவளுக்கே இரண்டும் ஒன்றாகிவிட்டது என்றால் சென்னையில் வளரும் பேரனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்குத் தெரிந்த முள்ளெலி நீல நிறத்தில் இருக்கிறது, சிவப்பு ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிறது, பெயர் சோனிக். "தாத்தா, அது ஹெட்ஜ்ஹாக். தமிழ்ல முள்ளம்பன்றி" என்று எனக்கே பாடம் சொன்னான்.

இரண்டும் ஒன்றல்ல. நம் மாவட்டத்துக்காரர்கள் அதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? ஏனென்றால் முள்ளெலி நம்ம ஊர்ப் பிராணி. தேரிக்காட்டிலும் பனங்காட்டிலும் உடைமரக் காட்டிலும் பகலெல்லாம் முட்புதர் அடியில் முடங்கிக் கிடந்து, பொழுது அடைந்த பிறகு வண்டும் கறையானும் தேடிக் கிளம்பும். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும். தொட்டால் சுருண்டு பந்தாகிவிடும். முள்ளம்பன்றியோ மலையடிவாரத்துப் பிராணி. நாய் அளவு இருக்கும். முள் ஒவ்வொன்றும் பேனா நீளம், கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்டது. அது சுருளாது. முதுகைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே பாயும்.

எனக்கு இந்த வித்தியாசம் தெரிய வந்தது தமிழில் அல்ல, பிரெஞ்சில். என் தகப்பனாருக்குப் பாண்டிச்சேரியில் உத்தியோகம். பள்ளிக்கூடம் பிரெஞ்சு மீடியம். அங்கே சின்ன வகுப்பு வாசகப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. ஆப்பிள் மரத்தடியில் ஒரு முட்பந்து, முதுகு முள்ளில் இரண்டு ஆப்பிள் பழங்கள் குத்தி நிற்கும். கீழே எரிஸோன் என்று எழுதியிருக்கும். எழுதும்போது முதல் எழுத்து எச். வாயில் அந்த எச் வராது, ஆனால் அது சும்மாவும் இராது. மற்ற உயிரெழுத்துச் சொற்களோடு 'லெ' சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். இதோடு ஒட்டாது. 'லெ எரிஸோன்' என்று பிரித்துத்தான் சொல்ல வேண்டும், 'லெரிஸோன்' கூடாது. எங்கள் முசியே ஒரு கையை விரித்துத் தடுப்பது போல் நீட்டி, "கிட்ட வராதே என்கிறது பார், முள் இருக்கிறதல்லவா" என்பார். இலக்கணத்தை அப்படிச் சொல்லிக்கொடுத்தால் எழுபது வயதிலும் மறக்காது.

இந்த எரிஸோன் எங்கிருந்து வந்தது? இலத்தீனில் முள்ளெலிக்கு எரிசியுஸ் என்று பெயர். அதற்கும் முந்திய வடிவம் வெறும் 'எர்'. சிலிர்த்து நிற்பது என்ற பொருள் உள்ள மிகப் பழைய ஒரு வேரிலிருந்து வந்ததாகச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். நம் 'எரி'க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஓசை ஒத்துப்போனால் உடனே முடிச்சுப் போடும் ஆசை நம்மவர்களுக்கு அதிகம், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எரிசியுஸ் பிரான்சுக்குப் போய் எரிஸோன் ஆனது. இலத்தீனில் இல்லாத எச் இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. இத்தாலியில் ரிச்சோ, ஸ்பெயினில் எரீஸோ, போர்த்துகீசியத்தில் ஒரீசோ. எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பிரெஞ்சில் இதே குடும்பத்தில் எரிஸே என்று ஒரு வினைச்சொல்லும் உண்டு. பூனைக்கு முதுகு மயிர் நிற்பது, மனுஷனுக்குக் கோபத்தில் உடம்பு சிலிர்ப்பது இரண்டுக்கும் அதுதான்.

ரோமானியர்கள் இந்தப் பெயரை மிருகத்தோடு நிறுத்தவில்லை. இரும்பு முள் அடித்த பெரிய உத்தரத்தைக் கோட்டை வாசலில் குறுக்கே போட்டு எதிரியைத் தடுப்பார்கள். அதற்கும் எரிசியுஸ் என்றே பெயர். ஜூலியஸ் சீசர் தம் உள்நாட்டுப் போர்க் குறிப்புகளில் அப்படி ஒன்றைச் சொல்கிறார். கஷ்கொட்டைக் காயின் முள் ஓட்டுக்கும், கடலுக்கு அடியில் கிடக்கும் முள்ளுருண்டைப் பிராணிக்கும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் முள்ளெலியின் பெயரையே வைத்தார்கள்.

இங்கிலாந்துக்குப் போன கதை இன்னும் வேடிக்கை. பிரெஞ்சு பேசிய நார்மன்காரர்களோடு கடல் தாண்டிப் போய் 'அர்ச்சின்' ஆனது. முதலில் முள்ளெலிக்குத்தான் அந்தப் பெயர். பிறகு குட்டிச்சாத்தான் முள்ளெலி வடிவத்தில் வரும் என்று ஒரு நம்பிக்கை கிளம்பி, அர்ச்சின் என்றால் குட்டிச்சாத்தான் என்றானது. அதற்கப்புறம், தலை வாராமல் தெருவில் திரியும் பரட்டைத்தலைப் பயலுக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கு இங்கிலீஷில் தெருப் பையனைச் சொல்லவும் கடல் முள்ளுருண்டையைச் சொல்லவும் அர்ச்சின் இருக்கிறது, முள்ளெலிக்குத்தான் இல்லை. அதற்கு 'ஹெட்ஜ்ஹாக்' வந்து உட்கார்ந்துகொண்டது. ஹெட்ஜ் என்றால் வேலி, ஹாக் என்றால் பன்றி. வேலிப்பன்றி! வேலியோரம் நடமாடும், மூக்கு பன்றி மூக்கு மாதிரி இருக்கும், அவ்வளவுதான் காரணம். ஆபீஸில் ஒரு சீட்டில் இருந்தவரை வேறு செக்‌ஷனுக்கு மாற்றி, அவர் நாற்காலியில் புது ஆளைப் போட்ட கதைதான்.

முள்ளம்பன்றிக்கு வருவோம். இலத்தீனில் பன்றி போர்க்குஸ், முள் ஸ்பீனா. இரண்டையும் சேர்த்து இத்தாலியர்கள் போர்க்கோஸ்பீனோ என்றார்கள். பிரெஞ்சில் அது போர்க்-எஸ்பின் என்று இருந்து, குத்துவதைக் குறிக்கும் 'பிக்கே' என்ற வினையின் வாடை பட்டு போர்க்-எபிக் ஆனது. இங்கிலீஷில் போர்க்குப்பைன். முள் பன்றி, முள் பன்றி, முள் பன்றி. நாம் என்ன சொல்கிறோம்? முள்ளம்பன்றி. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ரோமாபுரி வழிவந்தவனும் நம் குறிஞ்சி நிலத்தானும் தனித்தனியே அந்த மிருகத்தைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பிரெஞ்சு வகுப்பில் போர்க்-எபிக் என்ற சொல்லைப் பிரித்துக் காட்டியபோது, நான் மனசுக்குள் முள்ளம்பன்றி என்று சொல்லிப் பார்த்து அடைந்த சந்தோஷம் இன்னும் இருக்கிறது. அந்நிய பாஷை அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் அந்நியம் குறைந்தது.

நம்மிடம் அதற்கு இன்னும் பழைய பெயர்களும் உண்டு. சங்கப் பாடல்களில் முளவுமா என்று வரும், வேட்டுவர்களின் உணவாக. எய் என்றும் எய்ப்பன்றி என்றும் அகராதியில் உண்டு. அம்பு எய்வதற்கும் அதே எய்தான். முள்ளம்பன்றி முள்ளை அம்பு மாதிரி விடும் என்று நம் கிராமங்களில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதையே 1,900 வருஷங்களுக்கு முன்னால் ரோமானியர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தப் பிராணி உண்டு, தோலை இறுக்கினால் முட்கள் பறக்கும் என்கிறார். பிரெஞ்சு மன்னர் பன்னிரண்டாம் லூயி இதை நம்பித்தான் முள்ளம்பன்றியைத் தம் சின்னமாக வைத்துக்கொண்டார். கிட்டத்திலும் அடிப்பேன், எட்டத்திலும் அடிப்பேன் என்று அர்த்தம். புளுவா அரண்மனையில் கிரீடம் வைத்த முள்ளம்பன்றியைக் கல்லில் செதுக்கியிருப்பதைச் சரித்திரப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். உண்மையில் முள் பறப்பதில்லை. லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் முள், குத்திய இடத்தில் கழன்று நின்றுவிடுகிறது. அவ்வளவுதான்.

இதில் ஒரு கூத்தும் இருக்கிறது. விலங்கியல்காரர்களைக் கேட்டால் முள்ளம்பன்றி பன்றியே இல்லை, எலி, அணில் வகையைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி என்பார்கள். சரி, முள்ளெலி எலிதானே என்றால் அதுவும் இல்லை! அது பூச்சி தின்னும் சாதி, மூஞ்சூறுக்கு உறவு. ஆக எலி இனத்துக்குப் பன்றி என்றும், எலி அல்லாததுக்கு எலி என்றும் பெயர் வைத்திருக்கிறோம். சர்வீஸ் ரிஜிஸ்டரில் இரண்டு பேருக்கு எண்ட்ரி மாறிப்போனால் எப்படியோ அப்படி. ஆனாலும் நான் நம் பக்கம்தான் பேசுவேன். பல்லை எண்ணிப் பெயர் வைக்க யாருக்கு நேரம் இருந்தது? பெரிதாகக் கட்டையாகக் கிடந்தது பன்றி, சிறிதாகக் கூர்மூக்கோடு ஓடியது எலி. இரண்டையும் வேறு வேறு என்று கண்டு வேறு வேறு பெயர் வைத்தார்களே, அதுதான் முக்கியம். இப்போது நாம் அதைத்தானே தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆப்பிள் படத்தையும் முடித்துவிடுகிறேன். அதுவும் பிளினி காலத்துச் சரக்குதான். குளிர்காலத்துக்கு உணவு சேர்க்க, முள்ளெலி உதிர்ந்த பழத்தின் மேல் புரண்டு முள்ளில் குத்திக்கொண்டு போகும் என்று எழுதினார். அது பழம் சேர்ப்பதும் இல்லை, சுமப்பதும் இல்லை. ஆனால் ஒருவர் எழுதிவைத்ததை அடுத்தவர் பிரதியெடுத்து, அதைப் பார்த்து இன்னொருவர் படம் போட்டு, கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு பையன் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முன்கோப்பைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிற பழக்கம் நம் ஆபீஸ்களுக்கு மட்டும் உரியதல்ல.

ஆபீஸ் என்றதும் பிளினி சொன்ன இன்னொரு சங்கதி. அந்தக் காலத்தில் துணியைச் சிலிர்க்க வாரிப் பதமாக்குவதற்கு முள்ளெலித் தோலைத்தான் பயன்படுத்தினார்கள். கிராக்கி அதிகம். அதனால் சிலர் ஏகபோகம் செய்து கொள்ளை அடித்திருக்கிறார்கள். ரோம செனட் சபை இந்த ஒரு விஷயத்துக்குப் போட்ட உத்தரவுகளைப் போல வேறு எதற்கும் அடிக்கடி போட்டதில்லையாம். மாகாணங்களிலிருந்து இதுபற்றிப் புகார் வராத சக்கரவர்த்தியே இல்லையாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் மனுக்களுக்கு நம்பர் போட்டவன் அல்லவா நான்! ரோமாபுரியில் எவனோ ஒரு கிளார்க், 'பொருள்: முள்ளெலித் தோல் – புகார் மனு – தொடர்பாக' என்று எழுதி அலுத்திருப்பான்.

முள்ளெலியை நான் முதலில் பார்த்ததும் தோலாகத்தான். 1960 வாக்கில், பள்ளி விடுமுறைக்குத் தச்சநல்லூர் ஆச்சி வீட்டுக்கு வந்திருந்தோம். தம்பிக்குக் கக்குவான் இருமல். இருமி இருமி முகம் நீலம் பாரித்து, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். அம்மா ராத்திரி முழுக்க அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடப்பாள். ஆச்சி அரங்குவீட்டுப் பரணிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே காய்ந்த மட்டை மாதிரி ஒரு துண்டு, நிறைய முள்.

"என்ன ஆச்சி இது?"

"முள்ளெலித் தோலுல. கை வைக்காத, குத்தும்."

அதில் ஒரு விரக்கடை வெட்டி, கங்கில் காட்டிக் கருக்கி, பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். மயிர் கருகுகிற நாற்றம் வீடெல்லாம். "எலியா?" என்று கேட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆப்பிள் மரத்தடி எரிஸோன்! சீமையில் மட்டும் இருப்பதாக நான் எண்ணியிருந்த ஒன்று ஆச்சியின் பரணில் இருந்தது. பிரெஞ்சுப் பெயரைச் சொன்னேன். "அவுக ஊர்லயும் கக்குவான் வருமோ?" என்று மட்டும் கேட்டாள் ஆச்சி.

தம்பி பிழைத்துக்கொண்டான். அந்தத் தோலுக்குத்தான் பெயர். ஆனால் கக்குவானை நூறு நாள் இருமல் என்பார்கள். தாங்கிவிட்ட பிள்ளைக்கு அது தானாகத்தான் ஓயும். தாங்காத பிள்ளைகளும் இருந்தார்கள். அதே தெருவில் அதே டப்பாவிலிருந்து அதே தேன் தடவிய ஒரு கைக்குழந்தை அந்தக் கோடையைத் தாண்டவில்லை. அதை யாரும் தோலின் கணக்கில் எழுதவில்லை. ஆச்சியை நான் குறை சொல்லமாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை நீலம் பாரிக்கும்போது கையில் இருந்ததைக் கொடுத்தாள். பிளினியும் முள்ளெலியைச் சுட்ட சாம்பலைத் தேனில் குழைத்துத் தடவச் சொல்கிறார், அவர் சொல்வது மயிர் கொட்டுவதற்கு. நோய்தான் வேறு, சாம்பலும் தேனும் ஒன்றே. எங்கே ஒரு பிராணி விநோதமாகத் தெரிகிறதோ அங்கே அதை மருந்தாக்கிவிடுகிறான் மனிதன்.

கக்குவானுக்குக் காரணமான கிருமியை 1906இலேயே பெல்ஜியத்தில் போர்தே, ழாங்கு என்ற இருவர் பிரித்து எடுத்துவிட்டார்கள். முத்தடுப்பு ஊசி 1978இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்தது. என் மகளுக்கு நானே தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்தேன். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் அப்புறம் கேட்கவில்லை. இருமல் குறைந்துவிட்டது, ஆனால் தோல் தேடுவது குறையவில்லை. இன்றைக்கும் நம் சீமையில் முள்ளெலித் தோலைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பிள்ளைக்கு இருமல் என்றால் தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தச் சின்ன ஜீவனை விட்டுவிடுங்கள்.

நம் முள்ளெலிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் மதராஸ் முள்ளெலி. 1851இல் ஹார்ஸ்ஃபீல்டு என்பவர் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி மியூசியத்தின் பட்டியலைத் தயாரித்தபோது, மதராஸிலிருந்து போன உருப்படியைப் பார்த்து நூடிவென்ட்ரிஸ் என்று பெயரிட்டார். இலத்தீன்தான்: நூடுஸ் என்றால் வெறுமை, வென்ட்டெர் என்றால் வயிறு. வெறும் வயிற்றுக்காரன், அதாவது வயிற்றில் மயிர் அடர்த்தி இல்லாதவன். பாடம் பண்ணி அனுப்பிய உடம்பைப் புரட்டிப் பார்த்தவருக்குத்தான் இந்தப் பெயர் தோன்றும். உயிரோடு இருக்கும் முள்ளெலி வயிற்றைக் காட்டவே காட்டாது. எரிசியுஸ் என்று பெயரிட்டவன் அதை உயிரோடு, சிலிர்த்து நிற்கும்போது பார்த்தவன். முள்ளெலி என்று பெயரிட்டவனும் அப்படியே, கூர்மூக்கோடு ஓடும்போது பார்த்தவன். எனக்கு லண்டன் பெயரைவிட இந்த இரண்டும்தான் பிடிக்கிறது.

மூன்று வருஷம் முன்னால் கங்கைகொண்டான் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் உள்பாதை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை கார் ஓட்டினார். இரண்டு பக்கமும் உடைமரம். விளக்கு வெளிச்சத்தில் தார் ரோட்டின் நடுவில் தேங்காய் நெற்று மாதிரி ஒன்று. "மாப்ளே, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றேன். கல்லாக்கும் என்று ஒதுங்கிப் போகப் பார்த்தவர், என் குரலைக் கேட்டு பிரேக் போட்டார்.

முள்ளெலிதான். நரி வந்தாலும் நாய் வந்தாலும் அதற்கு ஒரே வித்தை: ஓடாதே, சுருண்டுகொள். வந்தவன் மூக்கில் குத்துப்பட்டுத் தானாகப் போய்விடுவான். லாரி வந்தாலும் அது அதையேதான் செய்கிறது. அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி, வட்டமாகத் தாரோடு ஒட்டிப்போயிருந்த இன்னொன்றையும் பார்த்தோம்.

தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து அதன்மேல் போட்டு உருட்டி எடுத்தேன். துண்டைத் தாண்டிக் குத்தியது. ஒரு சின்னச் சீறல், புஸ்ஸென்று. சாலை ஓரத்துக்குக் கொண்டுபோய், உடைமரத்தின் அடியில் வைத்துவிட்டு, விளக்கை அணைக்கச் சொன்னேன். பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கேட்டதெல்லாம், "தாத்தா, இது நீலமா இல்லையே" என்பதுதான். பேசாதல என்றேன்.

நிலா வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. பத்து நிமிஷம் இருக்கும். பந்து லேசாக அசைந்தது. முள் வரிசை நடுவில் பிளந்து, முதலில் ஈரமாக ஒரு மூக்கு நுனி வெளியே வந்து காற்றை மோந்தது. பிறகு இரண்டு காது. பிறகு குட்டிக் கால்கள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சருகு சலசலக்கக் காட்டுக்குள் போய்விட்டது.

"எலி மாதிரிதான் ஓடுது" என்றான் பேரன்.